கன்றின் கழிச்சலும் மனிதக் குடலும்

கிரிப்டோஸ்போரிடியம் என்பது சிறுகுடலின் உட்சுவரில் குடியேறி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு செல் ஒட்டுண்ணி. 1907இல் அமெரிக்க ஆய்வாளர் எர்னஸ்ட் டைசர் இதை எலியின் இரைப்பையில் கண்டு விவரித்தார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இது விலங்குகளின் விவகாரமாகவே கருதப்பட்டது. மனிதரையும் தாக்கும் என்பது 1976இல்தான் பதிவானது. முதலில் அறியப்பட்ட நோயாளிகளில் ஒருவர், டென்னசி மாநிலக் கிராமப்புறத்தில் வாழ்ந்த மூன்று வயதுக் குழந்தை.

இதில் பல இனங்கள் உண்டு. மனிதரிடம் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஹோமினிஸ் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது. பார்வம் மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவானது. அதன் முக்கிய இருப்பிடம் பிறந்து ஒன்று முதல் மூன்று வாரமான கன்றின் குடல். நோயுற்ற கன்று நீராகக் கழியும். ஆயிரம் கோடி வரையிலான ஒட்டுண்ணிக் கூடுகள் அந்தச் சாணத்தோடு வெளியேறக்கூடும். ஒவ்வொரு கூடும் ஏறத்தாழ 5 மைக்ரான் அளவே இருக்கும். உள்ளே நான்கு ஒட்டுண்ணிகள் தொற்றுவதற்கு ஆயத்தமாகக் காத்திருக்கும். 1995இல் வெளியான அமெரிக்கத் தன்னார்வலர் ஆய்வில், 132 கூடுகளே பாதிப் பேருக்குத் தொற்று உண்டாக்கப் போதும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே ஒரு கன்றின் கழிச்சல் எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

தொழுவத்தைக் கழுவும் கை, கன்றுக்குப் பால் புகட்டும் விரல், காய்ச்சாத பால், சாணம் கலந்த ஓடைநீர் எனப் பரவும் வழிகள் பல. கால்நடை மருத்துவ மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் கூட்டமாக நோயுறுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. குடிநீரில் சேர்க்கும் குளோரின் அளவு கூட்டின் தடித்த ஓட்டை ஒன்றும் செய்வதில்லை. ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானும் பயன்படாது.

கால்நடைக்கும் மனித நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டனின் 2001ஆம் ஆண்டு அனுபவம் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் அங்கே கோமாரி நோய் பரவியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பண்ணைகளுக்கும் வயல்வெளிப் பாதைகளுக்கும் மக்கள் செல்வது தடுக்கப்பட்டது. கன்றும் ஆட்டுக்குட்டியும் பிறக்கும் வசந்த காலத்தில் வழக்கமாக ஏறும் மனிதக் கிரிப்டோஸ்போரிடியம் நோய் அந்த ஆண்டு வெகுவாகக் குறைந்தது. குறைந்ததும் பெரும்பாலும் கால்நடையோடு தொடர்புடைய இனமே. வடமேற்கு இங்கிலாந்தில் குடிநீர் வடிகட்டல் அதற்குச் சற்று முன்பே மேம்படுத்தப்பட்டிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் நாடு முழுவதும் காணப்பட்ட சரிவை அது மட்டுமே விளக்காது.

மாட்டை மட்டும் குற்றவாளியாக்குவதும் தவறு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றபோது கால்நடைப் பண்ணைகள் மீதும் சந்தேகம் விழுந்தது. சேமித்து வைத்த மாதிரிகளின் மரபணுவைப் பிற்காலத்தில் சோதித்தபோது தெரியவந்தது ஹோமினிஸ். வேலூரில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இதே இனமே அதிகம் காணப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளில் மனிதக் கழிவே முதல் ஆபத்து. பார்வம் இனத்திலேயேகூட மனிதரிடையே மட்டும் சுற்றிவரும் ஒரு வகை உண்டு. ஆகவே மரபணுச் சோதனையின்றி நோயின் மூலத்தைத் தீர்மானிக்க இயலாது.

தொற்றிய சுமார் ஒரு வாரத்தில் நீர்த்த பேதியும் வயிற்று வலியும் தொடங்கும். உடல்நலம் உள்ளவருக்கு ஓரிரு வாரத்தில் தானே அடங்கிவிடும். எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஊட்டமற்ற குழந்தையின் வளர்ச்சியையே முடக்கலாம். அவர்களுக்குத்தான் மருந்தும் குறைவாகப் பயன்தருகிறது என்பது இந்நோயின் கொடுமை: நைட்டசாக்சனைடு எதிர்ப்பாற்றல் உள்ளவரிடமே நன்றாக வேலை செய்கிறது. ஆகையால் உப்புச்சர்க்கரைக் கரைசலால் நீரிழப்பைத் தடுப்பதே எவருக்கும் முதல் உதவி.

ஒட்டுண்ணிக்கும் பலவீனம் உண்டு. கொதிநீரும் முழு உலர்தலும் புற ஊதாக் கதிரும் அதைச் செயலிழக்கச் செய்யும். கழியும் கன்றைத் தனியே கட்டி, தரையை ஈரமின்றி வைத்து, மற்றக் கன்றுகளைத் தொட்டபின் அதைக் கவனிப்பது தொழுவத்தில் பரவலைக் குறைக்கும். மாடு வளர்ப்போர் தொழுவ வேலை முடிந்ததும், உணவைத் தொடும் முன்பும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கை கழுவ வேண்டும்; கைக்குழந்தை உள்ள வீட்டில் பாலையும் குடிநீரையும் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும்.