இணையதளம் வைத்தால் மட்டும் போதுமா? வாங்குவோரை வரவழைக்கும் வழிகள்

செஞ்சிக்குத் தெற்கே உள்ள அனந்தபுரம் வட்டாரத்தில் நெல், மணிலா, உளுந்து, எள் ஆகியவை முக்கியப் பயிர்கள். விளைந்ததை மூட்டையாக விற்பதைவிட, மணிலாவைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகவும், நெல்லை அரைத்து அரிசியாகவும் விற்றால் கூடுதல் இலாபம் கிடைக்கும் என்பது விவசாயிகள் அறிந்ததே. இவ்வாறு நேரடியாக விற்பதற்கென்று சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளும் சிறு விவசாயிகளும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தமிழகத்தில் பெருகி வருகின்றனர்.

ஆனால் தளம் திறந்து ஆறு மாதம் ஆகியும் ஒரு லிட்டர் எண்ணெய்கூட அதன் வழியாக விற்கவில்லை என்ற குறையும் பல இடங்களில் கேட்கப்படுகிறது. காரணம் எளியது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டையைக் கொண்டு போனால், அங்கே வியாபாரிகள் இருப்பார்கள். இணையதளத்தில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. கொல்லை நடுவே கடை கட்டிவிட்டு, வண்டிப் பாதை போடாமல் விட்டதற்கு ஒப்பானது அது. அந்தப் பாதையைப் போடும் முறைகளை இங்கே காண்போம்.

புதுச்சேரி காட்டிய வழி

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ம் ஆண்டில் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்துக்குப் பயன்பட்டது கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த விவரம் இருந்தது. ஆனால் கடலுக்குப் போகும் மீனவர் கணிப்பொறி முன் வந்து உட்கார்ந்து அதைப் படிப்பாரா? ஆகவே விவரத்தை எடுத்து, ஒலிபெருக்கி மூலம் கிராமம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்கள். மீனவர் இருந்த இடத்துக்கே செய்தி போய்ச் சேர்ந்தது.

விற்பனைக்கும் இதே முறைதான். வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே நமது தளத்தின் முகவரி போய்ச் சேர வேண்டும். இன்று அவர் இருக்கும் இடங்கள் மூன்று: கூகுள் தேடல், கைபேசி வரைபடம், வாட்ஸ்அப்.

பெயரில் கவனம் தேவை

அனந்தபுரம் என்று மட்டும் தளத்தில் எழுதினால் தொல்லை வரும். ஆந்திராவில் அனந்தபூர் இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது. தேடுபவர் அங்கே போய்விடுவார். எனவே 'அனந்தபுரம், செஞ்சி அருகில், விழுப்புரம் மாவட்டம்' என்று முழுமையாகவும், அஞ்சல் குறியீட்டு எண்ணுடனும் எழுத வேண்டும். செஞ்சி என்ற பெயரும் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. வெளியூர்க்காரர்கள் 'ஜிஞ்சி' என்று படிக்கும் எழுத்துகளைத்தான் பெரும்பாலும் தட்டுகிறார்கள். இரண்டு விதமும் தளத்தில் இடம்பெறுவது அவசியம்.

பொருளின் பெயரும் அப்படியே. நம் பகுதியில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வதை, சென்னையில் வேர்க்கடலை என்றும், தெற்கே கடலை என்றும் சொல்வார்கள். 'மணிலா எண்ணெய்' என்று மட்டும் எழுதிவைத்தால், 'கடலை எண்ணெய்' என்று தேடுபவர் கண்ணில் அது படாமல் போகலாம். எல்லாப் பெயர்களையும் வாக்கியங்களில் இயல்பாகச் சேர்த்து எழுதலாம். அதே பெயரை ஐம்பது முறை அடுக்கி வைப்பதால் பயனில்லை. கூகுள் அதை ஏமாற்று வேலையாகக் கருதிப் பின்னுக்குத் தள்ளும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் இருக்க வேண்டும். அதில் விலை, அளவு, ஆட்டிய அல்லது அரைத்த தேதி, அனுப்பும் செலவு, தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு லிட்டர் செக்கு எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு தேவைப்படுகிறது என்ற விவரத்தை எழுதினால், விலை ஏன் கூடுதல் என்று வாங்குபவர் தாமே புரிந்துகொள்வார்.

வரைபடத்தில் இடம்

கைபேசி வரைபடத்தில் நமது செக்கையோ, களத்துமேட்டு விற்பனை நிலையத்தையோ பதிவு செய்ய கூகுள் நிறுவனம் கட்டணம் கேட்பதில்லை. வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இடம், திறந்திருக்கும் நேரம், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள், இணையதள முகவரி ஆகியவற்றைக் கொடுத்து, நிறுவனம் கேட்கும் முறையில் உறுதி செய்ய வேண்டும்.

வாங்கிச் சென்றவர்களிடம் கருத்து எழுதும்படி கேட்கலாம். காசு கொடுத்துப் பொய்க் கருத்து எழுதச் செய்யக் கூடாது. குறை எழுதியவருக்குக் கோபப்படாமல் பதில் எழுதினால், அதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

பௌர்ணமியும் அமாவாசையும்

செஞ்சிக்கு வாய்த்த வசதி வேறு ஊர்களுக்கு எளிதில் கிட்டாது. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சென்னையிலிருந்து போகும் வண்டிகள் திண்டிவனம், செஞ்சி வழியாகவே பெருமளவில் செல்கின்றன. அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் வருகிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் 12 மராட்டியர் காலக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சிக் கோட்டை ஒன்றே.

இந்தப் பயணிகளில் பலர் வழியில் எங்கே என்ன கிடைக்கும் என்று கைபேசியில் தேடுகிறார்கள். ஆகவே பௌர்ணமி, அமாவாசைக்கு மூன்று நாள் முன்னதாகவே புதிய படமும், இருப்பு விவரமும் தளத்திலும் வரைபடப் பதிவிலும் சேர்க்கப்பட வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கு வருபவர் அனந்தபுரத்துக்கு எப்படி வருவது என்ற வழியையும், அருகிலுள்ள பனமலை பல்லவர் கோயிலைப் பற்றிய இரண்டு வரிகளையும் தளத்தில் எழுதலாம். கோயிலைத் தேடுபவரும் நமது பக்கத்துக்கு வந்து சேர இது உதவும். செஞ்சியில் தெரிந்த கடைக்காரரின் அனுமதி பெற்று, தள முகவரியும் க்யூஆர் கோடும் உள்ள சிறு பலகை வைக்கலாம்.

செலவில்லாத விளம்பரம்

எண்ணெய்க் கலன், அரிசிப் பை, ரசீது ஆகிய அனைத்திலும் தள முகவரி அச்சிடப்பட வேண்டும். ஒரு முறை வாங்கியவர் மறுபடி வருவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலை இலவசமாக வைக்கலாம். வாங்கியவரிடம் சம்மதம் கேட்டு, நமது எண்ணை அவர் கைபேசியில் சேமிக்கச் சொல்ல வேண்டும். செக்கு ஓடும் நாள், புது அரிசி வரும் நாள் ஆகிய செய்திகளை மாதம் இரண்டு முறை அனுப்பினால் போதும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கூட்டமாகச் செய்தி அனுப்பினால் எண்ணே முடக்கப்படலாம்.

களை எடுப்பது, காய் பறிப்பது, செக்கில் ஆட்டுவது ஆகியவற்றை ஒரு நிமிடப் படமாக யூடியூபில் போட்டு, அதன் கீழே தள முகவரியைத் தரலாம். அறுவடைக்கு இருபது நாள் முன்பே தொடங்கினால், சரக்கு வரும்போது வாங்குபவர் தயாராக இருப்பார்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதானால்

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணமாக, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 10 நாளுக்கு 1,000 ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். அதனால் 5 பேர் வாங்கினால், ஒருவரை வரவழைக்க ஆன செலவு 200 ரூபாய். லிட்டருக்கு 40 ரூபாய் மிச்சம் என்றால், அவர் 5 லிட்டர் வாங்கிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். அவர் தொடர்ந்து வாங்குவார் என்றால் செய்யலாம், இல்லையேல் கைநஷ்டமே. தினச் செலவுக்கு வரம்பு வைக்காமல் விளம்பரத்தைத் தொடங்கக் கூடாது. சென்னை, புதுச்சேரி என்று சரக்கு அனுப்ப முடிந்த ஊர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஏமாற வேண்டாம்

"கூகுளில் உங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று தொலைபேசியில் பேசுபவர்கள் உண்டு. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் வாங்குவது வேறு. தேடல் வரிசையில் இடம் தருவதற்கு அந்நிறுவனம் பணம் வாங்குவதில்லை.

தளத்தின் பெயரைப் பதியும்போது விவசாயியின் பெயரிலும், அவரது கைபேசி எண்ணிலும் பதிவு செய்ய வேண்டும். தளம் அமைத்துத் தருபவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், நாளை தகராறு வரும்போது அச்சடித்த பைகளெல்லாம் வீணாகும். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம். இலவசத் தளத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. வரைபடப் பதிவுடன் கூகுள் இலவசமாகத் தந்துவந்த இணையதளங்கள் 2024 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டன.

பெரிய கொள்முதல் செய்வதாகச் சொல்லி, பணம் அனுப்ப ரகசிய எண்ணைப் போடச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்பது போன்ற வாசகங்கள் தளத்தில் கூடாது. எண்ணெய், மாவு போன்றவற்றை விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, அந்த எண்ணைத் தளத்தில் காட்டினால் நம்பிக்கை கூடும்.

எங்கிருந்து தொடங்குவது?

வரும் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். மூன்று மாதத்தில் எந்த வழி பலன் தருகிறது என்பது தெரிந்துவிடும். பலன் தராததை விட்டுவிட்டு, பலன் தருவதில் உழைப்பைச் செலுத்தலாம். விற்றுத் தீர்ந்த பொருளை அன்றே தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு முறை ஏமாற்றத்துடன் திரும்பியவர் மறுமுறை வருவது அரிது.

தனியாகச் செய்ய முடியாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ ஒரே தளம் வைத்துக்கொண்டு செலவைப் பங்கிடலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். விற்பனை குறித்த ஆலோசனைக்கு வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலர்களை அணுகிப் பயன்பெறலாம்.