பள்ளிக்குக் கணினி வாங்கித் தரும் முன்

ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிகளிலிருந்து நமது சங்கங்களுக்கு வேண்டுகோள் வருவது வழக்கம். முன்பு மின்விசிறி, பீரோ, தண்ணீர்த் தொட்டி என்று கேட்டார்கள். இப்போது கணினி, புரொஜெக்டர், தொடுதிரை என்று கேட்கிறார்கள். கொடுப்பதில் வணிகர்கள் பின்வாங்கியதில்லை. ஆனால் விழா முடிந்து, கல்வெட்டும் பதித்து, இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், துணி போர்த்தி மூலையில் கிடக்கும் பெட்டிகள் எத்தனை!

கடைக்கு ஃப்ரீசர் வாங்கும்போது நாம் விலையை மட்டும் பார்ப்பதில்லை. மாதம் எவ்வளவு கரண்ட் இழுக்கும், பழுதானால் யார் வருவார்கள் என்று விசாரித்த பிறகே பணம் கட்டுகிறோம். பள்ளிக்குக் கொடுக்கும் பொருளுக்கும் அதே கணக்கைப் போட வேண்டும்.

பெரு நாட்டின் அனுபவம்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகள் வழங்கப்பட்டன. 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்த அறிக்கை 2012-ல் வெளியானது. கணினியைக் கையாளப் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை. சரக்கு வந்து இறங்கியது, வியாபாரம் நடக்கவில்லை.

கேரளத்தின் அனுபவம்

கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 முதல் கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சி மூலம் பாடம் நடத்தியது. டி.வி.யோ இணையமோ கிடைக்காத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுப்பில் தெரிந்தது. நூலகம் போன்ற பொது இடங்களில் டி.வி. வைத்து அவர்களைச் சேர்க்க முயன்றார்கள். விடுபட்டவர் யார் என்று எண்ணிப் பார்த்ததால்தான் அந்த வழி பிறந்தது.

தமிழ்நாட்டிலும் 2018 முதல் பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு அச்சாகிறது. செல்போனில் பிடித்தால் பாடத்தின் படக்காட்சி வரும். ஆனால் நம் கடையில் மூட்டை இறக்கும் தொழிலாளியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இருப்பது ஒரே போன். அதுவும் காலை முதல் இரவு வரை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கணினிதான் கதி. அதையும் பூட்டி வைத்தால் அவன் எங்கே போவான்?

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த ஆசிரியர் பொறுப்பேற்பார்? அவருக்குப் பயிற்சி உண்டா? பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம் அறை திறந்திருக்குமா?

2. நன்கொடை முழுவதையும் பொருளிலேயே போட்டுவிடாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் பழுது பார்ப்பதற்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

3. பார்வையற்ற மாணவர் உண்டா? திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் உள்ளன. விண்டோஸுக்கு என்.வி.டி.ஏ., லினக்ஸுக்கு ஓர்கா. இரண்டும் இலவசம், தமிழ்க் குரலும் உண்டு. தேவை ஒரு ஹெட்போன் மட்டுமே.

4. கடையில் கழித்த கணினியைக் கொடுப்பதானால், அதிலுள்ள கணக்கு விவரங்களை முதலில் அழித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புச் சேவை 2025 அக்டோபரில் முடிந்தது. அத்தகைய கணினிகள் பலவற்றில் விலையில்லா லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். கேரள அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாக லினக்ஸையே பயன்படுத்துகின்றன.

5. இனி ஓடவே ஓடாது என்றால் பழைய இரும்போடு போடக் கூடாது. பழைய மானிட்டர் கண்ணாடியிலும் பேட்டரியிலும் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே கணினிக் கழிவு போய்ச் சேர வேண்டும். பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக் கொள்ளலாம்.

வணிகப் பெருமக்களே! பத்துக் கணினி கொடுத்து இரண்டு ஓடுவதைவிட, நான்கு கொடுத்து நான்கும் ஓடுவதே லாபம். ஆண்டுக்கு ஒருமுறை சங்க நிர்வாகிகள் நேரில் போய் இருப்புக் கணக்கு எடுக்கட்டும். எத்தனை பெட்டி இருக்கிறது என்பதோடு, எத்தனை பிள்ளைகள் தொட்டார்கள் என்பதையும் அதில் எழுதட்டும்.