ஒரே பாட்டு ஆறு தடவை!

முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டிய தெருக்களில் சாயங்கால வேளையில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு பாட்டுக் கேட்கும். ஒரு காலத்தில் குடும்பத்துக்கு ஒரு ரேடியோப் பெட்டி. இப்போதோ ஆளுக்கொரு கைபேசி. போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர், பென் டிரைவ்! பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் மச்சினர் வேறு, தம் பங்குக்கு ஆயிரம் பாட்டுகளைக் கொட்டிவிட்டுப் போவார். விளைவு? ஒரே பாட்டு ஆறு தடவை உட்கார்ந்திருக்கும். வேண்டிய பாட்டு மட்டும் அகப்படாது.

"இரட்டைகளைக் கழிக்கத்தான் செயலி இருக்கிறதே, பொத்தானை அழுத்தினால் போதாதா?" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து! சில செயலிகள் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1918 வரை நம் புதுவையில் வாழ்ந்த பாரதியார் எழுதியது. 1951-ல் வந்த 'மணமகள்' படத்தில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது ஒன்று. கச்சேரிகளில் மற்றவர்கள் பாடியவை வேறு. பெயர் ஒன்றுதான், குரல்கள் பல. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தால் அதற்குப் பெயர் சுத்தமா?

இதைவிட விபரீதம் 'டிராக் 01'. பழைய காஸெட்டில் ஆயா பாடிய தாலாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பல சமயம் இந்தப் பெயர்தான் விழும். ஸி.டி.யிலிருந்து ஏற்றிய சினிமாப் பாட்டுக்கும் இதே பெயர்! சினிமாப் பாட்டுப் போனால் இன்னோர் இடத்தில் கிடைக்கும். ஆயாவின் குரலுக்கு எங்கே போவது? ஆகவே முதல் காரியமாக வீட்டார் குரல்களைத் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். யார் பாடியது, எந்த வருஷம் என்று எழுதுங்கள். அக்காள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்புறம் செயலியைக் கூப்பிடலாம். பெயரைப் பார்க்காமல், ஃபைல் முழுவதையும் படித்து ஓர் எண்ணைக் கணக்கிடும் செயலிகள் உண்டு. இரண்டுக்கும் எண் ஒன்றானால், பெயர் மாறியிருந்தாலும் அச்சு அசல் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தயங்காமல் கழிக்கலாம்.

ஒரே ஒலிப்பதிவு சின்னதும் பெரியதுமாக இரண்டு இருந்தால்? எம்.பி.3 பாட்டு 128 கிலோபிட் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்.பி. இடம் பிடிக்கும், 320 என்றால் சுமார் இரண்டரை எம்.பி. பொதுவாகப் பெரியதே மேல். ஆனால் 128-ஐ யாரேனும் 320 ஆக மாற்றியிருந்தால் பருமன் கூடுமே தவிர இனிமை கூடாது. மோரில் தண்ணீர் விட்ட கதைதான்! காதால் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் வீட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தமிழிலேயே எழுதுங்களேன், இன்றைய கைபேசிகள் அழகாகக் காட்டுகின்றன. பாட்டு, பாடியவர், படம், ஆண்டு, இவ்வளவு போதும்.

கழித்ததை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டரில் ஒரு மாதம் கிடக்கட்டும். "அந்தப் பாட்டு எங்கேம்மா போச்சு?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் மாமியார்தான்!