கழன்றுகொண்டே இருந்த கல்

பிரான்ஸின் தென்மேற்கே இருக்கிறது காவோர். லாட் என்கிற ஆறு அந்த ஊரைக் குதிரை லாடம்போல் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மூன்று பக்கமும் தண்ணீர். வடக்கே மதில் எழுப்பிவிட்டால் ஊரே தீவு. இப்படிப்பட்ட ஊர் பாலம் கட்டுவது எதிரிக்குத் தானே வழி போட்டுக் கொடுப்பதுபோல. கட்டாமலும் இருக்க முடியாது. காவோர்க்காரர்கள் ஐரோப்பா முழுக்க வட்டித்தொழிலுக்குப் பெயர் போனவர்கள். கவிஞர் தாந்தே தன் ‘நரகம்’ காவியத்தில் இந்த ஊரின் பெயரையே சேர்த்துவிட்டார். வணிகத்தால் வாழ்கிற ஊருக்கு வழி வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு பாலங்கள் இருந்தும், 1306இல் நகரை ஆண்ட மன்றத்தார் மேற்குப் பக்கம் மூன்றாவதைக் கட்டத் தீர்மானித்தார்கள். 1308 ஜூன் 17 அன்று முதல் கல் நாட்டப்பட்டது. அதுதான் வலான்த்ரே பாலம்: ஆறு கூர்வளைவுகள், மூன்று சதுரக் கோபுரங்கள், ஆற்றுக்கு மேல் சுமார் 40 மீட்டர் உயரம்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஆற்றின் வரத்தை எதிர்கொள்ளும் பக்கம் ஒவ்வொரு தூணும் ஓடத்தின் மூக்குபோல் கூராக நிற்கிறது. வெள்ளம் மோதாமல் இரண்டாகப் பிரிந்து போகும். கீழ்ப்புறம் தூண் சதுரமாக முடிகிறது. வளைவு தொடங்கும் மட்டத்தில் தூண்களைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். கட்டும்போது அங்கே மரம் பாய்ச்சிச் சாரம் கட்டினார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டடக்கலை அறிஞர் வியோலே-லெ-துயூக் விளக்கினார். இப்போதும் கண்ணுக்குத் தெரிகிற அந்தத் துளைகள், ஆற்றின் நடுவே நின்று வேலை செய்த கைகளின் தடம் என்றே எனக்குப் படுகிறது.

போருக்கான வேலை இரு முனைக் கோபுரங்களில்தான். பாதையை மறிக்க மேலிருந்து இறங்கும் கனத்த கிராதிக் கதவு. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிய மேல்தளத்தின் அடியில் திறப்புகள். வாசலை உடைக்க வருபவனின் தலைக்கு நேரே கல்லைத் தள்ளலாம். நடுக்கோபுரம் காவலுக்கு, தூரத்தைப் பார்க்க. அதாவது எதிரி முதல் வாசலைப் பிடித்தாலும் குறுகலான பாதையில் வரிசையாக நடந்து அடுத்த வாசலுக்கு வந்தாக வேண்டும்.

வேலை எழுபது ஆண்டு இழுத்தது. 1337இல் இங்கிலாந்துடன் நூறாண்டுப் போர் தொடங்கியது, 1348இல் கொள்ளைநோய் வந்தது. 1350இல் மக்கள் பாலத்தில் நடக்கத் தொடங்கினார்கள். கோபுரங்கள் முடிந்தது 1378இல். அதற்குள் 1360ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்தப் பகுதியையே ஆங்கிலேயர் கையில் கொடுத்துவிட்டது. கோபுரம் எழும் முன்பே எதிரி எழுத்தால் உள்ளே வந்துவிட்டான். 1580இல் நவார் மன்னர் ஆன்றி காவோரைத் தாக்கியபோதும் வெடிமருந்தால் வாசலைத் தகர்த்தது வேறொரு பாலத்தில்தான். பழைய இரண்டு பாலங்களும் இன்று இல்லை. வலான்த்ரே நிற்கிறது.

இவ்வளவு தாமதமானால் ஊர் கதை கட்டாமல் இருக்குமா? சலித்துப்போன ஸ்தபதி, சொன்ன வேலையெல்லாம் செய்துமுடித்தால் தன் ஆன்மாவையே தருவதாகச் சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டாராம். கட்டடம் முடியும் தறுவாயில், சாந்து குழைக்கச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சாத்தான் தோற்றது. அந்த ஆத்திரத்தில் நடுக்கோபுரத்து மூலைக்கல்லை இரவுதோறும் கழற்றிப்போட்டது. மேஸ்திரி பகலில் பதித்தால் மறுநாள் காலை கல் கீழே கிடக்கும். வேலை முடியாத வலியை இதைவிட நன்றாகச் சொன்ன கதையை நான் கேட்டதில்லை.

1879இல் முடிந்த சீரமைப்பில் கட்டடக்கலைஞர் பால் கூ அந்த மூலையில் ஒரு கல்லைச் சேர்த்தார். அதில் குட்டிச் சாத்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லை இழுத்துக் கழற்றப் பார்த்து, விரல் சிக்கித் தவிக்கிறது. ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இன்றும் அதன் கீழே நடந்துதான் ஆற்றைக் கடக்கிறார்கள்.