கற்றுத்தராத உழைப்பு

கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி 1951ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. தம்பானூர் ரயில் நிலையத்திலும் அதன் எதிரிலுள்ள பேருந்து நிலையத்திலும் வந்திறங்கி அதன் மருத்துவமனையை நாடிச் செல்வோரில் கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டத்தாரோடு கன்னியாகுமரித் தமிழரும் உண்டு. இத்தகைய அரசு மருத்துவமனைகளில் இரவு பகலாக நோயாளியின் அருகில் நிற்போர், எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்காக மூன்றாண்டு பயிலும் முதுநிலை மருத்துவர்கள். மாணவரும் ஊழியருமாக ஒருசேர இருக்கும் இவர்களுக்குக் கொரோனா பெருந்தொற்று உழைப்பைக் கூட்டி, கல்வியைக் குறைத்தது.

பணிச்சோர்வை அளக்க 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வகுத்த வினாத்தொகுப்பு அதை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: உள்ளம் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகக் கருதாமல் படுக்கை எண்ணாகக் காணும் விலகல், தன் வேலையால் பயன் விளைகிறது என்ற நிறைவு குன்றுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாடு இதை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் தீராது தொடரும் அழுத்தத்தின் விளைவாகவே குறிப்பதால், இதற்கான மருந்தையும் பணியிடத்திலேயே தேட வேண்டியுள்ளது.

இந்தியாவின் முதல் கொரோனா தொற்று 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியானது. பின்னர் அவசரமற்ற அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டபோது, குடலிறக்கத்தையும் கண்புரையையும் அறுத்துப் பழக வேண்டியவர்கள் கொரோனா வார்டுகளுக்கு அனுப்பப்பட்டனர். காற்றுப் புகாத பாதுகாப்பு உடைக்குள், தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை செல்லவோ இயலாமல், மூடுகண்ணாடியில் படியும் ஆவியினூடே ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் குறித்த ஒரு முறைப்பணி, உயிர் காக்கும் வேலையே ஆயினும், கத்தி பிடிக்கும் கைக்கு எதையும் கற்றுத்தரவில்லை. மாஸ்லாக் குறித்த மூன்றாம் கூறான நிறைவு, கற்கும் மருத்துவருக்குத் தேர்ச்சி வளர்வதிலிருந்தே பெருமளவு கிடைப்பதால், பயிற்சி இழப்பு தானே சோர்வின் ஊற்றாகவும் ஆனது.

கேரளத்தில் இந்நிலை நெடுநாள் நீடித்தது. மருத்துவமனைகள் நிரம்பி வழியாதபடி தொற்றுப் பரவலைத் தாமதப்படுத்திய உத்தி உயிர்களைக் காத்தது. ஆனால் இரண்டாம் அலையில் 2021 மே மாதம் ஒரு நாளில் 43,000ஐத் தாண்டிய புதிய தொற்றுகள், பெரும்பாலான பிற மாநிலங்களில் அலை ஓய்ந்துவிட்ட ஆகஸ்ட் இறுதியிலும் 30,000ஐக் கடந்ததால், வார்டுப் பணியும் ஓயவில்லை.

அதே ஆண்டில் நாடு முழுவதும் பயிற்சியின் ஏணியில் ஒரு படி காணாமற்போனது. முதலாண்டினர் இரத்தம் எடுத்து, வழக்குக் குறிப்பெழுதி, வீடு திரும்பும் நோயாளியின் சுருக்கம் தயாரிக்க, மேலாண்டினர் செய்முறைகளைப் பழகி அவர்களுக்கும் சொல்லித்தருவதே வழக்கம். ஏப்ரல் 18இல் நடக்கவிருந்த முதுநிலை நீட் தேர்வு செப்டம்பர் 11க்குத் தள்ளிப்போய், இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வும் 2022 ஜனவரி வரை தடைப்பட்டதால், புதிய முதலாண்டினர் சேராமல், மூன்று அணிகளின் வேலை இரண்டின் தோளில் விழுந்து, இரண்டாமாண்டினர் மீண்டும் முதலாண்டு வேலைக்கே இறங்க நேர்ந்தது. 2021 டிசம்பரில் கேரள அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை மருத்துவர்கள் பணியைப் புறக்கணித்தபோது, முதுநிலைப் படிப்பில் சேராத இளநிலை மருத்துவர்களைத் தற்காலிகமாக நியமிப்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது இதனாலேயே.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை மத்திய அரசு 1992இலேயே விதித்திருந்தும், 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தை உச்சமாகப் பரிந்துரைத்தது, நடைமுறை எவ்வளவு தொலைவு விலகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. எனினும் மணிக்கணக்கு மட்டும் போதாது. அந்த மணிகளில் எத்தனை கற்பித்தலுக்கு உரியவை, எத்தனை எழுத்தர் வேலைக்குச் செல்பவை என்று பிரித்தறிந்து, பயிற்சியை வருகைப் பதிவால் அளப்பதை விட்டு, மாணவர் தம் கையால் செய்த செய்முறைகளால் அளந்தாலே அடுத்த நெருக்கடியில் எதை இழக்கிறோம் என்பது உரிய காலத்தில் தெரியவரும்.