மின்னஞ்சல் உறைகள் மோதாமல் இருப்பது எப்படி?

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர், இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' என்னும் வழக்கத்தால் ஒருவர் வலை மற்றவர் வலையோடு மோதாமல் காக்கின்றனர். அஞ்சலைப் பெற்றுச் சேமித்துத் தரும் கணினியாகிய மின்னஞ்சல் சேவையகத்திலும் இதே மோதல் சிக்கல் எழுகிறது. பழைய 'எம்பாக்ஸ்' முறையில் கடிதங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதப்படுவதால், ஒரு நிரல் எழுதும்போது மற்றது காத்திருக்கும்படி அக்கோப்பைப் பூட்டவேண்டும்; பூட்டு தவறினால் கடிதங்கள் சிதையும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் தமது கியூமெயில் மென்பொருளுக்காக வகுத்த 'மெயில்டிர்' அமைப்பு, கடிதம் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக்கி, நேரம், நிரலின் எண், கணினியின் பெயர் ஆகியவற்றைக் கோத்து அதற்கு வேறெதற்கும் வாய்க்காத பெயரைச் சூட்டுகிறது. அஞ்சல் முதலில் 'டிஎம்பி' என்னும் கோப்புறையில் எழுதப்பட்டு, முழுமையடைந்த பின்னரே 'நியூ' கோப்புறைக்கு நகர்ந்து, அஞ்சல் நிரலின் பார்வைக்கு வந்ததும் 'கர்' கோப்புறையைச் சேர்கிறது. இந்நகர்வு பெயர்மாற்றம் மட்டுமே என்பதால், நடுவே மின்சாரம் நின்றாலும் அரைகுறைக் கடிதம் வாசகரை எட்டாது. ஆனால் மூன்று கோப்புறைகளும் ஒரே கோப்பு முறைமையில் அமைந்திருத்தல் இன்றியமையாதது. 'பாடு' வழக்கத்தோடு இதனை ஒப்பிடுவது ஓரளவே பொருந்தும்: அங்கே முறை வரும்வரை காத்திருக்கவேண்டும், இங்கே காத்திருப்பே இல்லை.