கழுத்தில் ஒரு கட்டி



என் பாட்டியாரை வெற்றிலைச் செல்லமின்றி நான் கண்டதில்லை. பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமன்று, புகையிலைத் துண்டும் அதில் இருக்கும். நாஞ்சில் நாட்டை அடுத்துள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933-இல் நெய்யூரிலிருந்தே வெளிவந்த மற்றொரு கட்டுரை, வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றை ஆராய்ந்தது.

நம் நாட்டில் புகையிலையே இன்றும் முதற் குற்றவாளி. எனினும் டான்சிலிலும் அடிநாக்கிலும் தோன்றும் புற்றுகளுள் சிலவற்றைப் பாப்பிலோமா என்னும் வைரஸ் உண்டாக்குகிறது. மேல்நாடுகளில் இவ்வகை மிகுதி. வெட்டியெடுத்த சிறு தசையில் பி-16 என்னும் புரதம் நிறைந்திருந்தால், அது பெரும்பாலும் வைரசின் கைவரிசை என்று கொள்வர். வியப்பு யாதெனில், இவ்வகை சிகிச்சைக்கு எளிதில் இணங்கும். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுக்குப் பின் வைரஸ் வகையினரில் நூற்றுக்கு 82 பேரும், ஏனையோரில் 57 பேரும் உயிருடன் இருந்தனர். புகைபிடித்தவர்க்கு அந்நலமும் குறைந்தது.

சரி, கதிர்வீச்சும் மருந்தும் முடிந்தபின் கழுத்தில் கட்டி எஞ்சினால், அது உயிருள்ளதா, செத்ததா? கையால் தொட்டுச் சொல்ல இயலாது. புற்றணுக்கள் சர்க்கரையைப் பேராசையோடு விழுங்குபவை. ஆகவே கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோசை ஊசிவழிச் செலுத்தி, அது எங்கே குவிகிறது என்று 'பெட்' கருவியால் படமெடுக்கின்றனர். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்தில், அதாவது ஏறத்தாழ நாலரை நாழிகையில், பாதியாகிவிடும். வழியில் காத்திருக்க நேரமில்லை!

முன்பெல்லாம் கழுத்து நிணக்கணுக்களில் நோய் மிகப் பரவியிருந்தால் கழுத்தைத் திறந்து அவற்றை அகற்றிவிடுவது வழக்கம். அதில் தோள் நரம்பு பழுதுபட்டால் கையை உயரத் தூக்க முடியாது. பனையேறும் தொழிலாளிக்கு அது எத்தகைய இழப்பென்று நம் மாவட்டத்தார்க்குச் சொல்லவும் வேண்டுமோ? 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 564 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் 221 அறுவைகள் நடந்தன. 'பெட்' படத்தைப் பார்த்து முடிவு செய்த பிரிவில் 54 மட்டுமே. உயிர் பிழைத்தோர் தொகை இதனால் குறையவில்லை.

அப்படத்தைச் சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்தே எடுத்தனர். கதிர்பட்ட புண்ணும் சர்க்கரையை ஈர்க்குமாதலால், அவசரப்பட்டால் படம் பொய் சொல்லும். வைரஸ் வகைக் கட்டியோ இன்னும் மெதுவாகச் சுருங்குவது. படம் ஐயத்துக்கு இடமளித்தால், கத்தியை எடுக்குமுன் சில வாரம் பொறுத்து மீண்டும் ஒருமுறை படமெடுப்பதும் உண்டு.